நர்சிங் கேர் பிளான்ல (பேஷன்ட்டுக்கான பராமரிப்புத் திட்டம்) இவாலுவேஷன் (பலன் கிடைச்சுதான்னு பாக்கறது): நீங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: இவாலுவேஷன் பகுதில "மருந்து கொடுத்தாச்சு, பொசிஷன் மாத்தியாச்சு"ன்னு எழுதினா மேடம் அடிச்சு விட்டுடறாங்க, ஏன்?

அதெல்லாம் நீங்க செஞ்ச வேலைங்க, இம்ப்ளிமென்டேஷன்ல போகணும். இங்க பேஷன்ட்டுக்கு என்ன ஆச்சுன்னு தான் வரணும். வலி பத்துக்கு 8ல இருந்து 3க்கு வரணும்னு பிளான் போட்டிருந்தா திரும்பப் போய் அதே ஸ்கேல்ல கேளுங்க, "இப்ப 3ங்கறாங்க, புரண்டு படுக்கும்போது முகம் சுளிக்கல"ன்னு எழுதுங்க, அப்ப தான் கோல் மெட்னு (வச்ச இலக்கு நிறைவேறிடுச்சுன்னு) போட முடியும்.

கேள்வி: எவ்ளோ நேரம் கழிச்சு போய் பாக்கணும்?

வலி மருந்து ஐவின்னா (ரத்தக்குழாய்ல போடறது) 15-30 நிமிஷம், மாத்திரைன்னா ஒரு மணி நேரம் வாக்குல. மத்ததுக்கு கோல்லயே நேரம் எழுதிருக்கணும்.

கேள்வி: "நல்லா மூச்சு விடணும்"னு கோல் வச்சேன், மெட்டா இல்லையான்னு தெரியல.

தெரியாது தான், அதுல அளக்க ஒண்ணுமே இல்லையே. ரெஸ்பிரேஷன் ரேட் (நிமிஷத்துக்கு எத்தன மூச்சு), எஸ்பிஓ2 (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு)ன்னு நம்பர் வைங்க. ஆனா சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) பேஷன்ட்டுக்கு எஸ்பிஓ2 பொதுவா 88-92 சதவீதம் தான் டார்கெட், அவருக்குப் போய் 96னு எழுதிட்டு நாட் மெட்னு போட்டா தப்பு கோல்ல தான் இருக்கு.

கேள்வி: நாட் மெட்னு எழுதவே பயமா இருக்கு, மார்க் போயிடுமோன்னு.

தயவுசெஞ்சு பயந்துட்டு மெட்னு எழுதிடாதீங்க, அடுத்த ஷிஃப்ட்ல வர்றவங்க அத நம்பி பிளான நிறுத்திடுவாங்க, கஷ்டப்படறது பேஷன்ட் தான். நாட் மெட்னு எழுதிட்டு ஏன்னு தேடுங்க. வயித்துல ஆபரேஷன் ஆனவர் சளிய வெளிய தள்ளணும்னு கோல், இருமல் பயிற்சி எல்லாம் சொல்லிக் கொடுத்தாச்சு, ஆனா ரெண்டாவது நாளும் நெஞ்சுல கரகரப்பு அப்படியே இருக்கு. பக்கத்துல நின்னு பாத்தா தான் தெரியும், தையல் வலிக்குதுன்னு பயந்து தொண்டையோட நிறுத்திக்கிறார், ஆழமா இருமவே இல்ல. அப்ப மாத்த வேண்டியது பயிற்சிய இல்ல, வலி மருந்து வேலை செய்யற நேரமா பாத்து, காயத்து மேல தலையணைய அணைச்சுப் பிடிக்க வச்சு இரும சொல்லுங்க, பிளான்லயும் வலிய சேருங்க. டேட்டா விட்டுப்போச்சா, டயக்னோசிஸ் தப்பா, டைம் பத்தலையா, எழுதினத உண்மையிலேயே செஞ்சோமா, எல்லாத்தையும் இப்படி ஒவ்வொண்ணா பாக்கணும்.

கேள்வி: பார்ஷியலி மெட் (ஓரளவு நிறைவேறுச்சு)னு எப்போ போடணும்?

துணையில்லாம 20 மீட்டர் நடக்கணும்னு கோல், வாக்கர் பிடிச்சு 20 மீட்டர் நடந்தார்னா பார்ஷியலி. மிச்சம் என்னன்னும் எழுதுங்க, புது டேட்டும் போடுங்க.

கேள்வி: இன்சுலின் பத்தி சொல்லிக் கொடுத்தேன், புரிஞ்சுதான்னு கேட்டா தலையாட்டினாங்க, மெட் போடலாமா?

வேண்டாம். உங்க முன்னாடியே சரியான யூனிட் எடுத்துக் காட்டட்டும், அப்புறம் போடுங்க.