கணிதத்தை விட்டு உளவியலுக்கு மாறலாமா?

மகள் ஓராண்டு கணிதம் படித்துவிட்டு உளவியலுக்கு மாறக் கேட்கிறாள். கிடைத்த நல்ல இடத்தை வீணடிக்கிறாளே என்று பதறி எழுதியிருக்கிறீர்கள். மூளையையும் நினைவாற்றலையும் ஆராயும் நரம்பு உளவியல்தான் அவளுடைய இலக்கு என்பதால், அத்துறையின் முன்னோடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பிரெண்டா மில்னர் 1936இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தது கணிதம் படிக்கத்தான். அதில் தன்னால் பெரிதாகச் சாதிக்க முடியாது என்று கண்டு உளவியலுக்கு மாறினார். 1944இல் கனடா சென்று, மான்ட்ரியலில் கற்பித்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பிடம் ஆய்வு செய்து 1952இல்தான் முனைவரானார். அப்போது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வில் பெரிய கருவி எதுவும் கிடையாது. வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவைச் சிகிச்சையில், ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் மூளையில் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதியவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தை வரையும்படி மில்னர் அவரிடம் சொன்னார். முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. ஆனால் நாளுக்கு நாள் கை தேறியது! நினைவாற்றல் ஒரே வகையானதன்று என்பதற்கு அதுவே வலுவான சான்றானது. 2014இல் மில்னர் நரம்பறிவியலுக்கான காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எனவே பாடம் மாறுவது குறித்து எனக்குக் கவலையில்லை. ஏன் மாறுகிறாள் என்பதைத்தான் கேட்க வேண்டும். கணக்குக்குப் பயந்து ஓடுகிறாள் என்றால், உளவியலிலும் புள்ளியியல் அவளை விடாது. மனித மனத்தின் மீதுள்ள ஆர்வம் என்றால், அவள் படித்த கணிதம் அங்கே கைகொடுக்கும்.

இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நரம்பு உளவியலாளர் ஆகிவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுநிலை, மேற்பார்வையுடன் மருத்துவமனைப் பயிற்சி, பல இடங்களில் முனைவர் பட்டம் என்று பாதை நீள்கிறது. அதுவரை செலவைத் தாங்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். மருத்துவப் பட்டம் தேவையில்லை. பக்கவாதம், தலைக்காயம், மறதிநோய் உள்ளவர்களிடம் மணிக்கணக்கில் பொறுமையாகச் சோதனை நடத்தி அறிக்கை எழுதுவதே அன்றாட வேலை.

மாற்ற விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன், இந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் மகளைப் பேச வையுங்கள். மூளையின் விந்தைகளைப் பற்றி மட்டும் கேட்காமல், ஓர் அறிக்கை எழுதி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்றும் அவள் கேட்கட்டும்.