சிவப்புப் பெட்டி டிஸ்க் ப்ளூ-ரே பிளேயரில் ஓடவில்லை

வாங்கிய படங்கள் ப்ளூ-ரே பிளேயரில் ஓடவில்லை, சாதா டிவிடி மட்டும் ஓடுகிறது, லென்ஸ் மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸ் மாற்றச் செலவு செய்யாதீர்கள். செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கிய படங்கள் எல்லாம் சிவப்புப் பெட்டி என்கிறீர்கள். அப்படியானால் அவை ஹெச்டி டிவிடி, அதாவது ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்து தோற்றுப்போன டிஸ்க் வகை. எந்தச் சாதாரண ப்ளூ-ரே பிளேயரும் அவற்றை 'தெரியாத டிஸ்க்' என்றுதான் சொல்லும்.

இரண்டுக்கும் 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்தான். ஆனால் தகவல் அடுக்கு ப்ளூ-ரேயில் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ஹெச்டி டிவிடியில் 0.6 மி.மீ. ஆழத்தில். ஒன்றுக்குச் செய்த லென்ஸ் மற்றதில் குவியாது. இரண்டையும் ஓட்டும் பிளேயர்கள் சில வந்தன. 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் ஹெச்டி டிவிடியைக் கைவிட்டதும் அந்தக் கதை முடிந்தது.

1. டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் ஹெச்டி டிவிடி, மறுபக்கம் சாதா டிவிடி. அந்த டிவிடிப் பக்கம் உங்கள் பிளேயரிலேயே ஓடலாம், மண்டலக் குறியீடு (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போட்ட பூட்டு) ஒத்துப்போனால்.

2. யாரிடமாவது ஒரு ப்ளூ-ரே டிஸ்க் கடன் வாங்கிப் போடுங்கள். சாதா டிவிடி ஓடுவதை வைத்து முடிவு செய்ய முடியாது, அதைப் படிப்பது சிவப்பு லேசர். ப்ளூ-ரேயும் ஓடாவிட்டால்தான் லென்ஸைச் சந்தேகிக்கணும்.

அப்புறம், ஆசைப்பட்டுப் பழைய ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கினால் பின்னால் ஒட்டியிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்றவை 120 வோல்ட். ஏற்காட்டில் நான் பார்க்காமல் 230-இல் செருகினேன். வெளியே பனிமூட்டம், உள்ளே புகைமூட்டம்.