இரவு இல்லாமலே பயமுறுத்தலாம்

தம்பி, ஹட்டனில் ஐந்து பேர் சேர்ந்து பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகத் திகில் பட முன்னோட்டம் எடுக்கிறீர்கள். ஆறு மணிக்குப் பிறகு வீட்டார் வெளியே விடுவதில்லை, கைபேசியில் எடுத்த இரவுக் காட்சிகளோ புள்ளி புள்ளியாக வந்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். இரவை விட்டுவிடுங்கள். மாலை நான்கு மணிக்குத் தேயிலை மலையில் மூடுபனி இறங்குகிறதே, அதைவிட என்ன வேண்டும்? கமெராவின் வெண்சமநிலையை, அதாவது படத்தின் நிறச்சாயலைத் தீர்மானிக்கும் அமைப்பை (white balance), 3200 கெல்வினில் வைத்து, ஒளியளவைக் குறைத்துப் பூட்டிவிடுங்கள். படம் நீலம் பாய்ந்து நிலவொளி போல ஆகிவிடும். வானம் மட்டும் படச்சட்டத்துக்குள் வரக்கூடாது. லயத்து அறைக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குள், எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/50 விநாடியாக இருக்கட்டும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கொளி துடிக்காது.

கொலைகாரனின் முகமூடியை முதல் காட்சியிலேயே காட்டும் யோசனை வேண்டாம். முதலில் கை மட்டும் வரட்டும். செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியின் வளைந்த முனை ஈரத் தேயிலை இலைகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போகிறது. கேட்பாரற்ற கொழுந்துக் கூடை ஒன்று படியில் கிடக்கிறது. முகமூடிக்குக் கடைசி இரண்டு விநாடி போதும். கத்தியைக் காகித அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டுங்கள், உண்மைக் கத்தி கூடவே கூடாது. இரத்தத்துக்குச் சீனிப்பாகு, சிவப்புச் சாயம், சிறிது கொக்கோத் தூள்.

முக்கியமாக, தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, லயத்து ஆட்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகமூடியோடு ஓடுபவனைக் கண்டு மிரண்டு, கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் சரிவில் விழுந்துவிடக்கூடாது.