புது கார்டு வாங்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள்

கே: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஐ5-12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, 32 ஜிபி ராம். சோனி ஏ7 எம்4-ல் எடுத்த 4கே, 10 பிட், 4:2:2, எச்.265 கிளிப்புகள் பிரீமியர் ப்ரோ டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகின்றன. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிவிடலாமா?

ப: வாங்காதீர்கள். 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை) எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) கிளிப்பை டிகோட் செய்யும், அதாவது சுருக்கத்தை விரித்துக் காட்டும் வசதி என்விடியா கார்டுகளில் 50 வரிசையில்தான் வந்தது. 4070-க்கு மாறினாலும் இதே கதைதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து கிளிப்பை ஓட்டுங்கள். சிபியு எகிறும், 3060-ன் 'வீடியோ டிகோட்' கோடு படுத்தே கிடக்கும்.

அந்த வேலையைச் செய்யக்கூடிய யுஎச்டி 730 கிராஃபிக்ஸ் உங்கள் 12400-க்குள்ளேயே இருக்கிறது. தனி கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் அதை அணைத்துவிடுகின்றன. சிஸ்டம் ஆன் ஆகும்போது டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். ஆசுஸ் போர்டில் 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்', ஜிகாபைட்டில் 'இன்டர்னல் கிராஃபிக்ஸ்' என்று இருக்கும். அதை 'எனேபிள்டு' ஆக்குங்கள். முதன்மை டிஸ்ப்ளே பிசிஐஇ கார்டாகவே இருக்கட்டும். மானிட்டர் கேபிளையும் 3060-லிருந்து கழற்ற வேண்டாம்.

விண்டோஸுக்குள் வந்ததும் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவரை நிறுவுங்கள். இதை விட்டுவிட்டு 'பலன் இல்லை' என்பவர்கள்தான் அதிகம். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' கீழே இரண்டு பெயர்கள் தெரிய வேண்டும். பிறகு பிரீமியரின் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்கில் இன்டெலை டிக் செய்து, மென்பொருளை மூடித் திறங்கள். இப்போது இன்டெலின் 'வீடியோ டிகோட்' கோடு ஏறினால் வேலை முடிந்தது.

12400எஃப் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது. அதில் உள் கிராஃபிக்ஸே கிடையாது. புது கார்டு வாங்காமல் சமாளிக்க, பிராக்ஸி (கிளிப்பின் இலகுவான நகல்) உருவாக்கி எடிட் செய்யலாம்.

கே: 3200 வேக டிடிஆர்4 ராம் போட்டேன். டாஸ்க் மேனேஜர் 2400 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யும் வரை ராம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம்களையும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போடுங்கள். அடுத்தடுத்துப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் ஒரே சேனல்தான் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) இயங்கும்; உள் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் அடி இரட்டிப்பு. எக்ஸ்எம்பி போட்டபின் திரை வராவிட்டால் பதற வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்கி, சிமாஸ் பேட்டரியை (பயாஸ் அமைப்புகளைக் காக்கும், மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரி) ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.