தோப்பு வீட்டில் கல்யாணம்: செலவுக் கணக்குக் கேள்விகளும் பதில்களும்

முகூர்த்தம், மண்டபம், புரோகிதர் எதுவும் இல்லாமல், ஒரு தோப்பு வீட்டையோ பழைய வீட்டையோ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக் கல்யாணம் செய்ய நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கமும் காரைக்குடிப் பக்கமும் இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். கீழே உள்ள ரூபாய்க் கணக்கெல்லாம் என் வட்டாரத்து மதிப்பீடு. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம்.

கேள்வி: மண்டபத்துக்கு 3 லட்சம் கேட்கிறார்கள். ஆனைமலை அருகே தென்னந்தோப்புக்குள் ஒரு பங்களா 1,25,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மொத்தச் செலவு பாதியாகக் குறையுமா அண்ணா? (மணமகள், கோவை)

குறையாது. மண்டபத்தின் வாடகையில் கூரை, நாற்காலி, சமையல்கூடம், பந்தி மேசை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். தோப்புக்காரர் உங்களுக்குத் தருவது நிழலும் நாலு அறையும்தான். மற்ற அத்தனையும் லாரியில் வந்து இறங்கி, மறுநாள் லாரியில் ஏறிப் போக வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, இரவுக் காவல் எல்லாம் உங்கள் தலையில்.

சடங்கைக் குறைத்தால் தட்சிணையும் சாமான் பட்டியலும்தான் குறையும். ஆளைக் குறைத்தால்தான் பணம் மிஞ்சும். 250 பேருக்குள் நின்றால் தோப்பு உங்களுக்குக் கட்டுப்படியாகும். 600 பேர் என்றால் தயங்காமல் மண்டபத்துக்கே போய்விடுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 8 லட்சம். 250 பேர். துணிமணி, நகை தனி. எப்படிப் பிரிப்பது? (மணமகன், திருப்பூர்)

முதலில் 80,000 ரூபாயை எடுத்து வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் அது தானாக நினைவுக்கு வரும். மிச்சம் 7,20,000. மேலே சொன்ன 1,25,000 வாடகை போனால் 5,95,000.

சாப்பாட்டில் எல்லோரும் மதிய விருந்தை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். முதல் நாள் இரவே தங்க வருபவர்கள் 60 பேர் இருப்பார்கள். இலைக்கு 250 வீதம் 15,000. காலைச் சிற்றுண்டி 150 பேருக்கு 180 வீதம் 27,000. மதியம் 250 பேருக்கு 500 வீதம் 1,25,000. பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், டிரைவர்கள், துப்புரவு ஆட்கள் என்று 40 பேர் உங்கள் பட்டியலில் இல்லாமலே சாப்பிடுவார்கள், அவர்களுக்கு 8,000. ஆக 1,75,000.

பந்தல், தரைவிரிப்பு, நாற்காலி, சிறு மேடைக்கு 1,30,000. ஜெனரேட்டர், விளக்கு, ஒயரிங் 55,000. கழிப்பறை, தண்ணீர், துப்புரவு 45,000. பஸ், வேன் 35,000. போட்டோ, வீடியோ 80,000. இத்தனையும் போக 75,000 நிற்கும். பூவும் இசையும் அதற்குள் அடங்க வேண்டும். அலங்காரப் படங்களைச் சேகரித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் மனம் வலிக்கும். வலித்தாலும் சாப்பாட்டிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் எடுத்துப் பூவில் போடாதீர்கள்.

விலை கேட்கும்போதே ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள். பந்தல், அலங்காரத்துக்கு 18 சதவீதம் கூடினால் இந்தக் கணக்கு அப்படியே சாய்ந்துவிடும்.

கேள்வி: தோப்பில் மோட்டார் ஓடுகிறதே, அந்தக் கரண்டிலேயே விளக்குப் போட்டால் ஜெனரேட்டர் செலவு மிச்சமல்லவா? (பெயர் வேண்டாம், உடுமலை)

அது விவசாயத்துக்கென்று அரசு இலவசமாகக் கொடுக்கும் இணைப்பு. அதில் கல்யாண விளக்கு எரித்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அபராதக் கணக்குப் போடுவார்கள். மாட்டிக்கொள்பவர் தோப்புக்காரர், ஆகவே அவரே சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் ஜெனரேட்டர்.

62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முக்கால் பளுவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 முதல் 12 லிட்டர் டீசல் குடிக்கும். 12 மணி நேரம் ஓடினால் 140 லிட்டரைத் தொடும். வாடகையை மட்டும் சொல்லிவிட்டு டீசலைப் பிறகு சொல்பவர்கள் உண்டு. டீசல், ஆபரேட்டர், கேபிள் மூன்றும் சேர்த்துத்தான் விலை கேட்க வேண்டும். பகல் கல்யாணமாக வைத்துக்கொண்டால் பாதி டீசல் மிச்சம். தோப்பில் காலை ஒன்பது மணி வெயில் மட்டை இடுக்கில் இறங்கும் அழகுக்கு எந்த விளக்கும் ஈடாகாது, அது வேறு விஷயம்.

கேள்வி: தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டால் போதுமே, பந்தல் எதற்கு? (மணமகனின் தங்கை, பொள்ளாச்சி)

பொள்ளாச்சிக்காரர் இதைக் கேட்கலாமா? மேலே பாருங்கள், முற்றிய காய். பந்தல் போட்டாலும் போடாவிட்டாலும், கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, ஆட்கள் உட்காரும் இடத்திலும் நடக்கும் வழியிலும் உள்ள ஒவ்வொரு மரத்திலும் முற்றிய காயைப் பறித்து, தொங்கும் மட்டையையும் பாளையையும் வெட்டி இறக்க வேண்டும். மரம் ஏறுபவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. காய் தோப்புக்காரருக்குப் போகும் என்பதால் கூலியை அவர் ஏற்கச் சொல்லிப் பேசலாம், பலர் ஒப்புக்கொள்வார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலும் இதைச் செய்யுங்கள். கார் கண்ணாடி தேங்காயை விட விலை கூடுதல்.

அடுத்தது தரை. மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி இருக்கும், குறுக்கே சொட்டுநீர்க் குழாய் ஓடும். லாரி ஏறினால் குழாய் நசுங்கும். எந்த வழியாக லாரி வரும், எங்கே திரும்பும் என்பதைத் தோப்புக்காரரோடு நடந்து பார்த்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். ஒரு வாரம் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஈர மண்ணில் நாற்காலிக் கால் புதைந்து, பட்டுப்புடவையோடு ஒரு பெரியம்மா சாய்ந்தால் அதுவே கல்யாணத்தின் செய்தியாகிவிடும்.

கேள்வி: எங்களுக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கையில்லை. ஆடியில் வைத்தால் எல்லாம் மலிவாகக் கிடைக்குமா? மார்கழி? (இணையர், ஈரோடு)

இந்த வகைக் கல்யாணத்தின் உண்மையான லாபம் இதுதான். முகூர்த்த நாளில்லாத மாதத்தில் சமையல்காரர், போட்டோகிராபர், பந்தல்காரர் எல்லோரும் சும்மா இருப்பார்கள். தாராளமாகப் பேரம் பேசலாம். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பொள்ளாச்சிக்கு வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று இங்கேதான் நுழைகிறது. துணிச் சாமியானா தாங்காது. இரும்புச் சட்டமும் தகரக் கூரையும் போட்டால் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கே போகும். ஆடியில்தான் என்றால் சுவர் உள்ள வீட்டைப் பாருங்கள்.

மார்கழியில் காற்று அடங்கிவிடும், மழையும் ஓய்ந்துவரும், தோப்பு பச்சையாக இருக்கும். ஆனால் பனியில் மல்லிகை விளைச்சல் விழுந்து, கிலோ ஆயிரங்களில் விற்கும். மல்லிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செவ்வந்தியும் தென்னங்குருத்துத் தோரணமும் போடுங்கள். குருத்தோலை பின்னத் தெரிந்தவர்கள் உள்ளூரிலேயே இருப்பார்கள். என்னைக் கேட்டால் மார்கழிதான்.

கேள்வி: தம்பி, என் மகள் சுயமரியாதைத் திருமணம் என்கிறாள். தோப்பில் நடந்தால் சட்டப்படி செல்லுமா? பதிவுக்கு எவ்வளவு ஒதுக்குவது? (மணமகளின் தாய், சேலம்)

செல்லும் அம்மா. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் இயற்றப்பட்ட திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது. இருவரும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களாக இருந்து, உறவினர் நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். இடம் எதுவாகவும் இருக்கலாம். பிறகு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. உங்கள் பட்ஜெட்டில் மிகச் சிறிய தொகை இதுதான்.

இருவரும் வேறு மதத்தவர் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். கூடுதல் கட்டணம் கட்டினால் திருமண அலுவலர் நியாயமான தொலைவுக்குள் நீங்கள் சொல்லும் இடத்துக்கு வரவும் சட்டத்தில் வழியுண்டு. அறிவிப்புக் காலம் முடியும் தேதி தெரியாமல் தோப்புக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு கிடைக்கிறது. இது தோப்பை விட மலிவா? (மணமகன், மதுரை)

வாடகை கூடுதல், மொத்தம் பல நேரம் குறைவு. வளவும் (உள் முற்றம்) பத்தியும் (அதைச் சுற்றிய தாழ்வாரம்) உள்ள வீட்டில் பந்தல் தேவையில்லை, மழைக்கும் பயமில்லை, அலங்காரத்தைத் தூண்களே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையில் அடுப்பு வைக்கவோ சுவரில் ஆணி அடிக்கவோ விடமாட்டார்கள், விடவும் கூடாது. சமையலுக்கு வெளியே தகரக் கொட்டகை போடும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் பலர். உங்களிடம் சாவி கொடுப்பவருக்கு மற்றப் பங்காளிகளின் சம்மதம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சிங்கப்பூரிலிருந்து ஒரு பங்காளி போன் செய்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: வால்பாறையில் எஸ்டேட் பங்களா? (இணையர், சென்னை)

40 கொண்டை ஊசி வளைவுகள். 40 பேர் என்றால் போங்கள்.

கேள்வி: மொய்யை வரவில் சேர்க்கலாமா? (மணமகனின் தந்தை, தாராபுரம்)

கூடாது ஐயா. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். ஆளைக் குறைத்துக் கூப்பிடும் கல்யாணத்தில் அது வருவதும் குறைவு. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அழைப்பிதழிலேயே மொய் வேண்டாம் என்று அச்சடித்துவிடுகிறார்கள்.

கேள்வி: பாட்டு போடுவதற்கு லைசென்ஸ் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். இரவு விருந்தில் மதுவும் உண்டு. (மணமகன், பெங்களூரு)

கல்யாணத்திலும் அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதைப் பொது அறிவிப்பாகவும் வெளியிட்டது. அந்த அறிவிப்பின் நகலைக் கையில் வைத்திருங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, கல்யாணம் என்பதற்காக விலக்கில்லை. தோப்பில் சத்தம் நெடுந்தூரம் போகும்.

மது விஷயத்தில், 2023-இல் திருமண மண்டபங்களையும் சேர்த்துச் சிறப்பு உரிம விதியைக் கொண்டுவந்த தமிழக அரசு, எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களை நீக்கிவிட்டது. ஆகவே அந்த உரிமத்தை நம்பாமல், நண்பர்களுக்கு வேறொரு நாள், வேறொரு ஊரில் விருந்து வையுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? (மணமகள், கரூர்)

சாவி வாங்கும் நாளும் மணியும், திருப்பிக் கொடுக்கும் நாளும் மணியும் முதலில். பந்தல் போட முதல் நாள் காலையே நுழைய வேண்டும், பிரிக்க மறுநாள் மதியம் ஆகும்; இந்த இரண்டும் வாடகைக்குள் வருகிறதா என்று பாருங்கள். எத்தனை அறை, எத்தனை கழிப்பறை, கிணறோ போர்வெல்லோ எது, தண்ணீர் வற்றினால் டேங்கர் யார் செலவு, குழாயோ செடியோ சேதமானால் எவ்வளவு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதெல்லாம் அடுத்தது. சமையலில் வீட்டு சிலிண்டர் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான் என்று சமையல் காண்ட்ராக்டரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் கல்யாணம் நடக்கப் போகும் அதே நேரத்தில் ஒரு முறை போய் நில்லுங்கள். பக்கத்துக் கோழிப்பண்ணை வாடை எந்த மணிக்கு வீசுகிறது என்பது எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது.