எனாமலும் அதைக் கட்டிய புரதமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பல்லின் மேலே இருக்கும் கடினமான உறையான எனாமலில் புரதத்துக்கு என்ன வேலை, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். இரண்டே நாளில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எக்ஸ்ரே அனுப்பி "இந்தப் பல்லைப் பிடுங்கணுமா" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், வாயைத் திறந்து பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர்: எனாமலில் 96 சதவீதம் தாது உப்பு என்று பாடம் நடத்துகிறேன். தண்ணீர் போக, புரதம் ஏதோ ஒரு சதவீதம். அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

சார், நீங்கள் சொல்வது வேலை முடிந்த பல்லின் கணக்கு. வீடு கட்டும்போது சென்ட்ரிங் அடித்துக் கான்கிரீட் போடுகிறோம், இறுகியதும் பலகையைப் பிரித்துவிடுகிறோம், குடிவருகிறவர் கண்ணில் பலகை படுவதே இல்லை. எனாமலுக்கு அந்தப் பலகைதான் புரதம். பல் ஈறுக்குள் உருவாகும்போது அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள் புரதத்தைச் சுரக்கின்றன, அதில் பத்தில் ஒன்பது பங்கு அமெலோஜெனின். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள் அதற்குள் நூல் நூலாக நீள்கின்றன. அப்புறம் எம்எம்பி-20, கேஎல்கே-4 என்று இரண்டு நொதிகள் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்ட, துண்டுகள் வெளியேறிய இடத்தில் படிகம் பருத்து நிறைகிறது. இந்தப் பலகை பிரிக்கும் வேலை சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பது கீழே தர்மபுரிக்காரர் கேள்வியில் வருகிறது.

முதுகலை படிக்கும்போது பிடுங்கிய பல்லை நைட்ரிக் அமிலத்தில் ஊறப்போடுவோம். சில நாள் கழித்து எடுத்தால் ரப்பர் மாதிரி வளையும், பிளேடால் சீவலாம். உள்ளே இருக்கும் டென்டினில் கொலாஜன் என்ற புரதம் அப்படியே நிற்பதுதான் காரணம். மேலே எனாமல் இருந்த இடத்தில்? ஒன்றுமே இருக்காது. முதல் தடவை பார்த்தபோது தப்பான பாட்டிலைத் திறந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

கோவை வாசகி: உடைந்த எலும்பு கூடுகிறது, எனாமல் ஏன் கூடுவதில்லை டாக்டர்?

எலும்புக்குள் கொத்தனார் இன்னும் குடியிருக்கிறார். எனாமலைக் கட்டிய செல்களோ பல் வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. கூப்பிட ஆள் இல்லை.

தர்மபுரிப் பக்கம், 27 வயது: சின்ன வயதிலிருந்தே முன்பற்கள் காவி. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் பல்லே விளக்க மாட்டானா" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு வேளையும் துலக்குகிறவன் நான். இப்போது ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, கறை போகுமா அக்கா?

தம்பி, அது அழுக்கு இல்லை, அதனால் துலக்கியும் போகாது. உங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் உடம்பில் சேர்ந்துகொண்டே இருந்தால் அமெலோஜெனின் போக வேண்டிய நேரத்தில் போகாமல் தங்கிவிடுகிறது. சென்ட்ரிங் பலகை உள்ளேயே மாட்டிக்கொண்ட கான்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிகம் நிறையாமல் நுண்ணிய ஓட்டைகள் நிற்கும். பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும், அப்புறம்தான் அந்த ஓட்டைகளில் காவி ஏறும்.

முன்பல்லின் எனாமல் நாலைந்து வயதுக்குள் ஈறுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் இப்போது ஆற்றுத் தண்ணீர் குடிப்பதால் உங்கள் கறை மாறாது, ஆனால் நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு இது வராது, சமையலுக்கும் அதே தண்ணீரைப் புழங்கினால். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்று சொல்கிறார்கள், நம்பாதீர்கள், கொதித்து வற்றினால் ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கறை லேசாக இருந்தால் மேலே மெலிதாகத் தேய்த்து எடுக்கலாம், பிளீச்சிங் செய்யலாம், ஆழமாக இருந்தால் பல் நிறத்தில் மேல்பூச்சு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

அதற்காக ஃபுளோரைடு பேஸ்ட்டை யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். முளைத்த பல்லின் மேற்பரப்பில் அது செய்வது நல்ல வேலை. மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டீக்கடை வைத்திருப்பவர்: தினம் ஆறேழு டீ. பல் சுத்தம் செய்துவிட்டு வந்த ஒரே மாதத்தில் மறுபடி கறை. ஏன்?

துலக்கி வாய் கொப்பளித்த ஒரு நிமிடத்துக்குள் எச்சிலில் இருக்கும் புரதங்கள் பல்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுவிடும். அமிலம் நேரடியாகத் தாக்காமல் தடுப்பது அதுதான். அதில் ஸ்டாதெரின் என்று ஒன்று, எச்சிலில் நிறைந்திருக்கும் கால்சியம் கண்ட இடத்தில் கல்லாகப் படியாமல் கரைசலிலேயே பிடித்து வைத்திருக்கும், தேய்ந்த இடத்துக்கு அந்தக் கால்சியம் போய்ச் சேரும். செல்கள் போன பிறகு நமக்கு மிச்சம் இருக்கும் ரிப்பேர் இதுதான். அதே படலத்திலுள்ள சில புரதங்கள் டீயின் டானினையும் வெற்றிலை பாக்கின் சாயத்தையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. டீயை விடச் சொல்ல மாட்டேன், குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். சாம்பல், செங்கல் பொடி மட்டும் வேண்டாம், கறையோடு எனாமலும் போகும்.

சென்னை அம்மா: பால் புரதம் கலந்த பேஸ்ட் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். என் பையனுக்குப் பால் அலர்ஜி. போடலாமா?

வேண்டாம்மா. அதில் இருப்பது கேசீன் என்ற பால் புரதத்தின் துண்டுகள், கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்து போய்ப் பல்லில் சேர்க்கும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு கண்டுபிடித்தது. சொத்தையின் ஆரம்ப நிலையான வெள்ளைப் புள்ளிகளுக்கு உதவும், ஆனால் பால் புரத அலர்ஜி உள்ளவர்கள் தொடக்கூடாது. உங்கள் மருத்துவரிடம் அலர்ஜியைச் சொல்லுங்கள், பல்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் மாதிரி வேறு வழி பார்ப்பார், அதில் கேசீன் இல்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸப் ஃபார்வர்டோடு வந்தவர்: ஆட்டு ரோமத்திலிருந்து பேஸ்ட், சொத்தைப் பல்லே வளர்ந்துவிடுமாமே?

ரோமம் உண்மை, மிச்சம் மசாலா. 2025-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் கம்பளியிலிருந்து எடுத்த கெரட்டின் புரதத்தைப் பல்லில் பூசி, அது எச்சிலின் தாதுக்களை இழுத்து எனாமல் மாதிரி ஓர் அடுக்கை உண்டாக்குவதைக் காட்டினார்கள். பழைய பலகைக்குப் பதில் புதுப் பலகை, யோசனை அருமை. ஆனால் குழி விழுந்த சொத்தையை எந்த பேஸ்ட்டும் அடைக்காது. அந்தக் குழியோடு காத்திருக்காமல் போய் அடைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி அப்பா: மகளின் முதல் பால் பல் விழுந்தது. பாட்டி சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொல்கிறார். வைத்திருந்தால் ஏதாவது பயன் உண்டா?

பயன் என்றால் தெரியாது, அழகு உண்டு. அமெலோபிளாஸ்ட் ஒரு நாளைக்குச் சுமார் நாலு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கட்டும், ஒவ்வொரு நாள் வேலையும் மெல்லிய கோடாக எனாமலில் பதிந்திருக்கும். ஒரு பால் பல்லை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மணிக்கணக்கில் கல்லில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன், நடுவே ஒரு கோடு மட்டும் தடித்துத் தெரிந்தது. பிறந்த அன்று, வயிற்றிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சியில், செல்கள் கொஞ்சம் தடுமாறிய இடம் அது. உங்கள் மகள் பல்லிலும் இருக்கும். பாட்டியிடம் அடுத்த பல்லைக் கொடுத்துவிடுங்கள், இன்னும் பத்தொன்பது இருக்கிறதே.