தவக்கால ஒருசந்தி (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு): கேள்வி பதில்

காசிமேடு, ஒரு தங்கச்சி: சுத்தபோசன நாள்ல வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடலாமா அண்ணா?

சுத்தபோசனத்தில் விலக்கியது இறைச்சியைத்தான்மா. கத்தோலிக்கத் திருச்சபையில் 14 வயது நிறைந்தவர்களுக்கு அந்தச் சட்டம். மீன், முட்டை, பாலுக்குத் தடையில்லை. ஆனால் கறியை விட்டுவிட்டு வஞ்சிரத் துண்டைக் கல்லில் போட்டால் நாக்கு எதையும் விடவில்லையே! அதுவும் மீன் நம்ம ஏரியாவில் அன்றாடச் சாப்பாடு. ரசம், துவையலோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம்: ஒருசந்தி என்றால் எவ்வளவு சாப்பிடணும்?

சந்தி என்றால் வேளை. பேரிலேயே கணக்கு இருக்கிறது. வயிறார ஒரு வேளை. மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் அந்த ஒரு வேளை அளவு வரக்கூடாது. மதியம் சோறு குழம்பு என்றால், காலையில் ஒரு இட்லி, ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி. நடுவில் பஜ்ஜி, பிஸ்கட் கிடையாது. கத்தோலிக்கருக்குக் கட்டாயம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான், 18 முதல் 59 வயது நிறையும் வரை. பலர் தவறுவது மதியத்தில்: மூன்று வேளைச் சோற்றையும் ஒரே தட்டில் கொட்டிக்கொள்கிறார்கள்.

ஹார்பரில் மூட்டை தூக்குறேன். தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா?

தாராளமாகக் குடிங்க தம்பி. கடும் உழைப்பாளி, நோயாளி, கர்ப்பிணி யாரையும் இந்தச் சட்டம் வற்புறுத்தாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருசந்தி இருக்கவே கூடாது. நீங்கள் பீடியை விடுங்கள், அதுவும் தவம்தான்.

வியாசர்பாடி: உபவாச ஜெபத்தில் பத்து மணிக்கே தலைவலி, ஜெபம் ஓடவில்லை.

பெரும்பாலும் காபியை ஒரே நாளில் நிறுத்துவதால் வருவது. நாலு நாள் முன்பிருந்தே குறைத்து வாருங்கள், தண்ணீரை விடாதீர்கள். முடிக்கும்போது பரோட்டா வேண்டாம், கஞ்சி.

தண்டையார்பேட்டையில் கடை வைத்திருக்கிறேன். மூன்று வெள்ளி உபவாசம் இருந்தும் கேட்டது கிடைக்கவில்லையே பிரதர்?

பைபிளில் ஏசாயா 58-ம் அதிகாரத்தில் இதே கேள்வி இருக்கிறது. நோன்பு இருந்தோம், நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். அந்த நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று பதில் வருகிறது. பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதுதான் தாம் விரும்பும் உபவாசம் என்கிறார் கர்த்தர். வேண்டுதலுக்குக் கட்டும் விலை அல்ல இது. வெறும் வயிறு அடுத்தவர் பசியை உணரவைக்கும். உணர்ந்தால் கை நீளணும். சாப்பிடாத வேளையின் காசை அன்றைக்கே டப்பாவில் போட்டு, சனிக்கிழமை தேவைப்படுபவர் கையில் கொடுங்கள். கடையில் வேலை செய்கிற பெண்ணை அடுத்த வெள்ளி முழுச் சம்பளத்தோடு ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள்.